வளைந்தாலும் தடுமாறாத தண்டு: சி.வி. ஜாயின்ட் என்றால் என்ன?

சென்ற ஆண்டு மழைக்காலத்தில் என் காரின் முன்பக்கத்திலிருந்து ஒரு சத்தம் வரத் தொடங்கியது. ஸ்டீயரிங்கை முழுக்க ஒடித்துத் திருப்பும்போது மட்டும் ‘டக், டக், டக்’ என்று கேட்கும். நேராகப் போனால் ஒன்றுமில்லை. முதலில் போன பட்டறையில் சக்கர பேரிங்தான் என்று சொல்லி மாற்றிக் கொடுத்தார்கள். சத்தம் அப்படியே இருந்தது. அடுத்த பட்டறையிலிருந்த பெரியவர் காரைத் தூக்கிப் பார்க்கவும் இல்லை. சக்கரத்தின் உட்புறத்தில் விரலை விட்டுத் தடவினார். விரல் நுனியில் கரியைப் போல ஒட்டிய கிரீஸைக் காட்டி, “சி.வி. ஜாயின்ட் போய்விட்டது தம்பி” என்றார்.

அது என்னவென்று நண்பர்களிடம் கேட்டேன். காரின் வேகத்தைச் சீராக வைத்திருக்கும் கருவி என்றார் ஒருவர். கியர் மாற்றத் தேவையில்லாத சி.வி.டி. கியர்பெட்டியின் பாகம் என்றார் இன்னொருவர். லாரியில் இருக்கும் ‘கிராஸ்’தான், காரில் பெயரை மாற்றிச் சொல்கிறார்கள் என்றார் மூன்றாமவர். மூன்றுமே தவறு. ஆனால் மூன்றாவது தவறு பயனுள்ள தவறு. கிராஸ் எங்கே தோற்கிறது என்று புரிந்தால், சி.வி. ஜாயின்ட் ஏன் பிறந்தது என்பதும் தானே புரிந்துவிடும். அந்த வழியிலேயே போகலாம்.

தண்டு ஏன் வளைய வேண்டும்?

இன்ஜினும் கியர்பெட்டியும் காரின் உடலோடு பிணைக்கப்பட்டவை. சக்கரங்கள் அப்படியல்ல. பள்ளத்தில் இறங்கும், மேட்டில் ஏறும். முன்சக்கரங்களாக இருந்தால் இடமும் வலமும் திரும்பவும் வேண்டும். இன்ஜினின் சுழற்சியைச் சக்கரத்துக்குக் கொண்டுபோகும் இரும்புத் தண்டு நிலையாக நிற்கும் ஒன்றையும் ஓயாமல் ஆடும் ஒன்றையும் இணைக்கிறது. எனவே தண்டின் நடுவே மூட்டு வேண்டும். சுழன்றுகொண்டே வளையக்கூடிய மூட்டு.

அம்பாசடர் காரில் இன்ஜின் முன்னால், அது ஓட்டும் சக்கரங்கள் பின்னால். நடுவே நீண்ட குழாய்த் தண்டு ஒன்று போகும். பின்சக்கரங்கள் திரும்புவதில்லை என்பதால் அந்தத் தண்டு சில டிகிரி வளைந்தால் போதும். 1983-இல் வந்த மாருதி 800 அப்படியல்ல. இன்ஜின் குறுக்காகப் படுத்திருக்கும். திசை திருப்புவதும் முன்சக்கரங்கள், காரை இழுப்பதும் அதே முன்சக்கரங்கள். முட்டுச்சந்தில் வண்டியைத் திருப்பும்போது அந்தத் தண்டு 30 டிகிரிக்கும் மேல் வளைந்தபடி சுழல வேண்டும். இங்கேதான் மூட்டின் தரம் தெரியவருகிறது.

பழைய மூட்டும் அதன் ஒளிந்த குறையும்

லாரிக்கு அடியில் குனிந்து பார்த்தால் நீண்ட தண்டின் நுனியில் கவண் கவட்டையைப் போல இரண்டாகப் பிரிந்த பாகம் தெரியும். அதைக் கவை என்போம். அதற்கு எதிரே, கால் சுற்றுத் திருப்பிய நிலையில், இன்னொரு கவை. இரண்டுக்கும் நடுவே சிலுவை வடிவத்தில் ஓர் இரும்புத் துண்டு. சிலுவையின் ஒரு கையை முதல் கவையும், அதற்குக் குறுக்கான மறு கையை இரண்டாம் கவையும் பற்றியிருக்கும். பட்டறைகளில் ‘கிராஸ்’ என்பது இதைத்தான். 16-ஆம் நூற்றாண்டு இத்தாலிய அறிஞர் கார்டானோவின் பெயரால் கார்டான் மூட்டு என்றும், 17-ஆம் நூற்றாண்டு ஆங்கிலேய விஞ்ஞானி ராபர்ட் ஹூக்கின் பெயரால் ஹூக் மூட்டு என்றும் நூல்களில் வரும்.

இந்த மூட்டு முழங்கையைப் போல மடங்குகிறது, சுழற்சியையும் கடத்துகிறது. முதல் தண்டு ஒரு சுற்றுச் சுற்றினால் இரண்டாவதும் சரியாக ஒரு சுற்றுச் சுற்றும். கணக்கு பிசகாது. பிறகு குறை எங்கே? அந்த ஒரு சுற்றுக்குள்ளே இருக்கிறது.

வீட்டுச் சுவர்க் கடிகாரம் ஒன்றைக் கழற்றி, முகம் உங்களைப் பார்க்கும்படி ஒருவரைப் பிடித்துக்கொள்ளச் சொல்லுங்கள். 12-க்கும் 1-க்கும் இடையே 30 டிகிரி, 1-க்கும் 2-க்கும் 30, 2-க்கும் 3-க்கும் 30. எல்லாம் சமம். இப்போது 12-ஐயும் 6-ஐயும் இணைக்கும் கோட்டை அச்சாக வைத்து, கதவைப் பாதி திறப்பது போலக் கடிகாரத்தை 45 டிகிரி திருப்பச் சொல்லுங்கள். நீங்கள் நின்ற இடத்திலேயே நின்று பாருங்கள். வட்டம் நீள்வட்டமாக ஒடுங்கியிருக்கும். எண்களின் இடைவெளியும் மாறியிருக்கும். 12-க்கும் 1-க்கும் இடையே ஏறத்தாழ 22 டிகிரிதான் தெரியும். 1-க்கும் 2-க்கும் 29. 2-க்கும் 3-க்கும் 39.

கடிகார முள் தன் அளவில் ஒரே சீராகத்தான் ஓடுகிறது. சாய்வான கோணத்திலிருந்து பார்க்கும் உங்களுக்கோ அது 12 அருகே ஊர்வதாகவும், 3 அருகே விரைவதாகவும், 6 அருகே மறுபடி ஊர்வதாகவும், 9 அருகே மறுபடி விரைவதாகவும் தெரியும். ஒரு சுற்றுக்குள் இரண்டு தடவை மந்தம், இரண்டு தடவை வேகம்.

கடிகாரத்தில் இது வெறும் தோற்றம். கிராஸில் இதுவே நிஜமாக நடக்கிறது. முதல் தண்டின் கவை, சிலுவையின் ஒரு கையை ஒரு வட்டத்தில் சீராகச் சுழற்றுகிறது. இரண்டாம் தண்டு அந்த வட்டத்துக்குச் சாய்வாக நிற்கிறது. தன் பக்கத்திலிருந்து ‘பார்க்கும்போது’ அந்தக் கை எப்படி நகர்கிறதோ, அப்படியே தானும் நகர்வதைத் தவிர அதற்கு வேறு வழியில்லை. சிலுவை விறைப்பான இரும்பு, விட்டுக்கொடுக்காது. ஹூக் இதை நன்றாகவே அறிந்திருந்தார். சூரியக் கடிகாரத்தின் மணிக்கோடுகள் சமமில்லாத இடைவெளியில் இருப்பதற்கும் இந்த மூட்டின் ஓட்டத்துக்கும் ஒரே கணக்குதான் என்று கண்டு, 1676-இல் வெளியிட்ட நூலில் விளக்கினார். கார் பிறப்பதற்கு 200 ஆண்டுகளுக்கு முன்பே இந்தக் குறை எழுதிவைக்கப்பட்டுவிட்டது என்பதை நினைத்தால் எனக்கு இன்றும் வியப்பாக இருக்கிறது.

இதுவரை பார்த்ததன் சாரம்: கிராஸ் மூட்டில் சுற்றுகளின் எண்ணிக்கை மாறுவதில்லை. ஒவ்வொரு சுற்றுக்குள்ளும் வேகம் இரண்டு தடவை கூடிக் குறைகிறது. வளைவு கூடக் கூட இந்த ஏற்ற இறக்கமும் கூடும்.

அந்த ஏற்ற இறக்கம் எவ்வளவு?

முதல் தண்டு நிமிடத்துக்கு 100 சுற்று என்ற சீரான வேகத்தில் ஓடுவதாக வைத்துக்கொள்வோம். மூட்டு 5 டிகிரி வளைந்திருந்தால் இரண்டாம் தண்டின் வேகம் 99.6-க்கும் 100.4-க்கும் இடையே ஆடும். இதை யாரும் உணரப்போவதில்லை. 10 டிகிரியில் 98.5 முதல் 101.5 வரை. 30 டிகிரியில் 87 முதல் 115 வரை. 45 டிகிரியில் 71-க்கும் 141-க்கும் இடையே அலைபாயும்.

30 டிகிரியை எடுத்துக்கொண்டு சக்கரத்தின் பக்கம் வாருங்கள். 60 செ.மீ. விட்டமுள்ள சக்கரம், கார் மணிக்கு 15 கி.மீ. வேகத்தில் திரும்பும்போது, நொடிக்கு இரண்டு சுற்றுக்குச் சற்று மேல் சுற்றும். சுற்றுக்கு இரண்டு என்றால் நொடிக்கு நான்கைந்து உலுக்கல்கள். டயர் தரையைப் பற்றியிருக்கிறது. ஆயிரம் கிலோ எடையுள்ள கார் நொடிக்கு நான்கைந்து முறை வேகத்தைக் கூட்டிக் குறைக்க ஒப்பாது. அப்போது அந்த உலுக்கலை யார் தாங்குவது? தண்டு முறுக்கிக்கொள்ளும், டயர் தேயும், கியரின் பற்கள் ஒன்றையொன்று அடிக்கும், ஸ்டீயரிங் ஓட்டுபவரின் கையில் துள்ளும். முன்சக்கரத்தால் இழுக்கும் காரைத் தொடக்ககாலத்தில் வடிவமைத்தவர்கள் எல்லோரும் மோதி நின்ற சுவர் இது.

முள்ளை முள்ளால் எடுப்பது

ஒரு கிராஸ் கெடுத்ததை இன்னொரு கிராஸ் சரிசெய்ய முடியும். லாரித் தண்டில் இரண்டு முனைகளிலும் கிராஸ் இருப்பது இதனால்தான். இரண்டிலும் வளைவுக் கோணம் ஒன்றாக இருந்து, நடுத்தண்டின் இரு கவைகளும் ஒரே வாக்கில் நின்றால், முதல் மூட்டு உண்டாக்கிய ஏற்ற இறக்கத்தை இரண்டாவது மூட்டு அப்படியே எதிராகச் செய்து நிரப்பிவிடும். நடுத்தண்டு மட்டும் வேகம் மாறி மாறி ஓடும், கடைசியில் வெளிவருவது சீரான ஓட்டம்.

இத்தகைய தண்டை இரண்டாகக் கழற்றும்போது இரு பாதியிலும் அம்புக்குறி இருப்பதைக் கவனித்திருக்கலாம். திரும்பச் செருகும்போது அம்புகள் நேருக்கு நேர் வர வேண்டும். இரு பாதிகளும் பொருந்தும் இடத்திலுள்ள பற்களில் ஒரு பல் தள்ளிச் செருகினாலும் கவைகள் வாக்கு மாறிவிடும். ஏற்ற இறக்கம் முழுதாகக் கழியாமல் மிச்சம் வண்டியில் அதிர்வாக வரும்.

காரின் முன்சக்கரத்தில் இந்த உபாயம் எளிதில் செல்லாது. அங்கே சக்கரம் திரும்பும்போது வெளிமுனையின் கோணம் மட்டும் 30, 35 என்று ஏறும். உள்முனையின் கோணம் அவ்வளவாக மாறாது. சமமில்லாத கோணங்கள் ஒன்றையொன்று கழிக்காது. இரண்டு கிராஸை நெருக்கிவைத்து ஒரே மூட்டாக்கிப் பார்த்தார்கள். ஓரளவு பலன் கிடைத்தது, ஆனால் இடத்தை அடைத்தது. வேண்டியிருந்தது வேறு வகை மூட்டு: எந்தக் கோணத்தில் வளைந்தாலும், சுற்றின் எந்தக் கணத்திலும், உள்ளே வரும் வேகமும் வெளியே போகும் வேகமும் ஒன்றாகவே இருக்கும் மூட்டு. சி.வி. என்பது ‘மாறாத வேகம்’ என்ற ஆங்கிலத் தொடரின் முதலெழுத்துகள். மாறாதது காரின் வேகமல்ல. இரு தண்டுகளின் வேகங்களுக்கு இடையே உள்ள பொருத்தம்தான் மாறாதது. நண்பர்கள் சொன்ன முதல் விளக்கம் சறுக்கியது இந்தச் சொல்லில்தான்.

விடை கண்ணாடியில் இருக்கிறது

நிலைக்கண்ணாடி முன் நின்று ஒரு விரலைக் கண்ணாடிமேல் வையுங்கள். பிம்பத்தின் விரலும் அதே புள்ளியைத் தொடும். விரலால் கண்ணாடிமேல் வட்டம் போடுங்கள். பிம்பத்தின் விரல் உங்கள் விரலைவிட ஒரு நூலளவும் முந்தாது, பிந்தாது. எவ்வளவு வேகமாகச் சுற்றினாலும் முடியாது, ஏனென்றால் இருவரும் தொடும் புள்ளி கண்ணாடியிலேயே இருக்கிறது.

இனி உங்கள் கையை முதல் தண்டாகவும், பிம்பத்தின் கையை இரண்டாம் தண்டாகவும் நினைத்துக்கொள்ளுங்கள். வளைந்து நிற்கும் இரு தண்டுகளுக்கு நடுவே, அந்தக் கோணத்தைச் சரிபாதியாகப் பிரித்து ஒரு கண்ணாடியை நிறுத்தினால், ஒரு தண்டு மற்றதன் பிம்பமாகிவிடும். அந்தக் கண்ணாடி நிற்கும் இடத்தை நடுத்தளம் என்போம். ஒரு தண்டு மற்றதைத் தள்ளும் இடம் எப்போதும் இந்த நடுத்தளத்திலேயே இருந்தால் வேகம் மாற வழியே இல்லை. அந்தப் புள்ளி இரு தண்டுகளின் அச்சிலிருந்தும் எல்லாக் கணத்திலும் சம தூரத்தில் இருக்கும்.

கிராஸ் மூட்டு இங்கேதான் தவறுகிறது. சிலுவையின் ஒரு கை முதல் தண்டுக்கும் மறு கை இரண்டாம் தண்டுக்கும் கட்டுப்பட்டது. இரண்டில் எதுவும் நடுத்தளத்தில் நிலைத்து நிற்பதில்லை.

சி.வி. ஜாயின்ட் வடிவமைப்பின் உயிர்நாடி இந்த ஒன்றுதான். விசையைக் கடத்தும் புள்ளிகளை நடுத்தளத்திலேயே பிடித்துவைக்க வேண்டும். தண்டு வளையும்போது நடுத்தளமும் சாய்கிறதே, அதைப் பின்தொடர்ந்து அந்தப் புள்ளிகளும் போக வேண்டும். அதை எப்படிச் செய்யவைப்பது என்பதில்தான் கண்டுபிடிப்பாளர்கள் வேறுபட்டார்கள்.

ஆறு குண்டுகளும் ஒரு பாக்குவெட்டியும்

பிரான்சில் பியர் ஃபெனாய், ழான்-அல்பேர் கிரெகுவார் இருவரும் 1926-இல் டிராக்டா என்ற மூட்டைக் கொண்டுவந்தார்கள். அது பொருந்திய முன்சக்கர இயக்கக் காரை 1927-இல் லீ மான் 24 மணி நேரப் பந்தயத்திலும் ஓட்டிக் காட்டினார்கள். அதே காலத்தில் அமெரிக்காவில் ஃபோர்டு பொறியாளர் ஆல்ஃபிரட் ஜெப்பா வடிவமைத்த மூட்டுதான் இன்று உலகெங்கும் கார்களின் முன்சக்கரங்களில் இருப்பதற்கு மூலம்.

ஜெப்பா மூட்டில் நான்கு வகைப் பாகங்கள். வெளியே மணி வடிவக் கிண்ணம், இது சக்கரத்தோடு சேர்ந்தது. உள்ளே நட்சத்திரம் போன்ற உருண்டை, இது கியர்பெட்டிப் பக்கமிருந்து வரும் தண்டின் நுனியில் இருக்கும். கிண்ணத்தின் உட்சுவரிலும் நட்சத்திரத்தின் வெளிப்புறத்திலும் ஆறு ஆறு வளைந்த பள்ளங்கள். எதிரெதிர்ப் பள்ளங்களுக்கு நடுவே ஒன்றாக ஆறு எஃகுக் குண்டுகள். ஆறையும் ஒரே தளத்தில் வரிசைப்படுத்திவைக்க, ஆறு சன்னல் வெட்டிய ஒரு வளையம். இந்த வளையத்தைக் கூடு என்பார்கள்.

தண்டு சுழன்றால் நட்சத்திரம் குண்டுகளைத் தள்ளும், குண்டுகள் கிண்ணத்தைத் தள்ளும். மூட்டு வளையும்போது அந்தக் குண்டுகளை நடுத்தளத்துக்கு யார் கூட்டிப்போவது?

பாக்குவெட்டியை நினைத்துப் பாருங்கள். விரிந்த இரு அலகுகளுக்கு நடுவே உருண்டைப் பாக்கை வைத்து அழுத்தினால் அது வாயை நோக்கி வழுக்கி வெளியே வரப் பார்க்கும். அப்படி நகரும்போதும் இரு அலகுகளுக்கும் சரிநடுவேதான் நகரும். ஜெப்பா மூட்டின் பள்ளங்களும் அப்படித்தான். உள்பள்ளத்தின் வளைவு மையமும் வெளிப்பள்ளத்தின் வளைவு மையமும் ஒரே இடத்தில் இல்லை. மூட்டின் மையத்திலிருந்து ஒன்று இந்தப் பக்கமும், மற்றது அந்தப் பக்கமும் சம அளவு விலக்கி வைக்கப்பட்டிருக்கும். அதனால் எதிரெதிர்ப் பள்ளங்கள் இணையாக ஓடாமல் ஒரு முனையில் குறுகி மறுமுனையில் விரியும். குண்டு விரிந்த பக்கம் போகப் பார்க்கும், கூடு அதைத் தடுத்துப் பிடிக்கும். இரண்டு வளைவுகளுக்கும் சமதூரத்தில் குண்டு நிற்கக்கூடிய இடம் ஒன்றே ஒன்றுதான். அது நடுத்தளம்.

ஒரு சுருள்வில்லும் இல்லை, மின்சாரமும் இல்லை, நெம்புகோலும் இல்லை. பள்ளத்தின் வடிவமே குண்டுக்கு வழிசொல்கிறது. இயந்திரப் பொறியியலில் இதைப் போல என்னை நிறுத்திவைத்துப் பார்க்கவைத்த அமைப்புகள் குறைவு.

இரண்டாம் உலகப்போரில் ஜீப்புகளின் முன்அச்சுகளில் இத்தகைய மூட்டுகள் ஏராளமாக உழைத்தன. சிறு காருக்கு இதை வழக்கமாக்கியது 1959-இல் அலெக் இசிகோனிஸ் வடிவமைத்த மினி. குறுக்கே படுத்த இன்ஜின், முன்சக்கர இயக்கம், வெளிமுனையில் ஜெப்பா வகை மூட்டு என்ற அந்த அமைப்பைத்தான் பிறகு வந்த பெரும்பாலான சிறு கார்கள் பின்பற்றின.

உள்முனையில் வேறொன்று

சக்கரம் மேலும் கீழும் போகும்போது கியர்பெட்டிக்கும் சக்கரத்துக்கும் இடையிலான தூரமும் சற்று மாறும். வெளிமூட்டு வளையும், நீளாது. எனவே கியர்பெட்டியை ஒட்டிய உள்மூட்டு, வளைவதோடு உள்ளும் வெளியும் சறுக்கவும் வேண்டும். பல கார்களில் இங்கே டிரைபாட் மூட்டு இருக்கும். மூன்று கைகள், ஒவ்வொன்றிலும் ஓர் உருளை, அவை ஓட ஒரு கிண்ணத்தில் மூன்று நேர்ப்பள்ளங்கள். வெளிமூட்டைப் போல 45 டிகிரிக்கு மேல் இது வளையாது. ஏறத்தாழ 20, 25 டிகிரியோடு சரி. அங்கே அதுவே போதும்.

சுருக்கமாக: சக்கரத்தை ஒட்டிய மூட்டு அதிகம் வளையும், சறுக்காது. கியர்பெட்டியை ஒட்டிய மூட்டு குறைவாக வளையும், சறுக்கும். ஒரு தண்டு, இரண்டு மூட்டு. முன்சக்கரக் காரில் பக்கத்துக்கு ஒன்றாக இப்படி இரண்டு தண்டுகள். பின்சக்கரங்கள் தனித்தனியே ஏறி இறங்கும் கார்களிலும், மின்சாரக் கார்களிலும் இதே ஏற்பாடுதான்.

ரப்பர் உறையை ஏன் பார்க்க வேண்டும்?

மூட்டு நேராக இருக்கும்போது குண்டுகள் பள்ளத்தில் இருந்த இடத்திலேயே இருக்கும். வளைந்து சுழலும்போது ஒவ்வொரு குண்டும் சுற்றுக்கு ஒருமுறை பள்ளத்தில் முன்னும் பின்னும் போய்வரும், அதுவும் பெரும் அழுத்தத்தில். அதனால்தான் மாலிப்டினம் டைசல்ஃபைடு கலந்த கரிய கிரீஸை உள்ளே நிரப்பி, மடிப்பு மடிப்பான ரப்பர் உறையால் மூடுகிறார்கள். பட்டறையில் இதற்கு ‘பூட்’ என்று பெயர்.

மூட்டு தானாகக் கெடுவது அரிது. முதலில் பூட் மடிப்பில் ஒரு கீறல் விழும். சுழலும் வேகத்தில் கிரீஸ் அந்தக் கீறல் வழியே வெளியே சிதறி ரிம்மின் உட்புறத்தில் அப்பும். அந்தப் பெரியவர் விரலால் தொட்டது அதைத்தான். பிறகு மணலும் தண்ணீரும் உள்ளே போகும். பெரும்பாலான நேரம் கார் நேராகவே ஓடுவதால், பள்ளத்தில் குண்டு வழக்கமாக அமரும் இடம் குழியாகத் தேயும். நேராகப் போகும்வரை குண்டு அந்தக் குழியிலேயே கிடக்கும், சத்தம் வராது. ஸ்டீயரிங்கை ஒடித்தால் குழியிலிருந்து ஏறி இறங்கித் ‘டக்’ என்னும். உள்மூட்டு தேய்ந்தால் அறிகுறி வேறு: முடுக்கும்போது காரின் முன்பக்கம் நடுங்கும்.

கீறல் விழுந்த புதிதிலேயே பார்த்துவிட்டால், மூட்டைக் கழுவி, புதிய கிரீஸ் நிரப்பி, புதிய பூட் மாட்டினால் போதும். அந்தக் கிரீஸும் இதற்கென்றே உள்ளதாக இருக்க வேண்டும். பேரிங்குக்குப் போடும் சாதாரண கிரீஸ் இந்த அழுத்தத்துக்கு ஆனதல்ல. சத்தம் தொடங்கிவிட்டால் குழி விழுந்தாயிற்று. கிரீஸை அடைத்துச் சத்தத்தைச் சில நாட்கள் தள்ளிப்போடலாம், தேய்ந்த எஃகு திரும்பி வராது. என் காருக்கு மூட்டையே மாற்ற வேண்டியிருந்தது. சர்வீசுக்கு விடும்போது சக்கரத்தை முழுக்க ஒடித்துவைத்து பூட்டின் மடிப்புகளை டார்ச் அடித்துப் பார்க்கச் சொல்லுங்கள். இரண்டு நிமிட வேலை.

கழற்றிய பழைய மூட்டைப் பெரியவரிடம் கேட்டு வாங்கிவந்தேன். மண்ணெண்ணெயில் கழுவித் துடைத்ததும் கூட்டின் சன்னல்களில் குண்டுகள் பளபளத்தன. ஒரு பள்ளத்தின் நடுவே நகத்தில் இடறும் அளவுக்குக் குழி இருந்தது. கிண்ணத்தை இடக்கையில் பிடித்து, வலக்கையால் தண்டைச் சாய்த்தேன். தண்டு 40 டிகிரி சாய்ந்தபோது குண்டுகளைத் தாங்கிய கூடு சரியாக அதில் பாதி, 20 டிகிரிதான் சாய்ந்திருந்தது. எந்தப் பக்கம் எவ்வளவு சாய்த்தாலும் பாதிதான். நிலைக்கண்ணாடியை வைக்க வேண்டிய இடத்தில் ஆறு குண்டுகளும் நின்றுகொண்டிருந்தன.